ஒளியின் சூடும் ஒளியின் ஆணையும்

ஒளியும் காந்தமும் மனித சிந்தனையை நெடுங்காலமாக ஈர்த்து வந்த இரு பொருள்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலை யாத்தார். பொருளிலிருந்து கண்ணை வந்தடையும் ஒளியாலேயே பார்வை நிகழ்கிறது என்பதை அந்நூல் சோதனைகளின் துணைகொண்டு நிறுவியது. ஒளி எத்துணை விரைவாகச் சென்றாலும் அது செல்வதற்குக் காலம் வேண்டும் என்றும் அவர் கருதினார். காந்த ஊசியின் வரலாறோ கடலோடு பிணைந்தது. 1282இல் பைலக் அல்-கிப்ஜாக்கி கற்களைப் பற்றி எழுதிய அரபு நூலில், மத்தியதரைக் கடலில் மாலுமிகள் நீரில் ஊசியை மிதக்கவிட்டுத் திசையறிந்த முறை விவரிக்கப்பட்டுள்ளது.

ஆயினும், இவ்விரண்டும் ஒன்றோடொன்று உறவுடையவை என்பதை அறிய மனிதகுலம் 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றோ அவ்வுறவு வியக்கத்தக்க நுட்பத்தை எட்டியிருக்கிறது. ஒரு நொடியின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கைக் கொண்டு அளவிடப்படும் மிகக் குறுகிய லேசர் துடிப்பொன்றைக் காந்தத்தன்மை வாய்ந்த ஒரு மூலக்கூறின் மீது பாய்ச்சி, அதனுள்ளே இருக்கும் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியை விரும்பியவாறு மாற்ற இயலுமா என்று ஆய்வுக்கூடங்கள் முயன்று வருகின்றன.

இம்முயற்சியின் வரலாற்றை ஒரே கேள்வியின் வழியே நோக்குவது பயன் தரும் என நாம் கருதுகிறோம். ஒளி ஒரு காந்தத்தை மாற்றும்போது, அம்மாற்றத்தைச் செய்வது ஒளியின் சூடா, அல்லது ஒளியின் ஆணையா? பூட்டிய கதவைத் தீயிட்டு அகற்றவும் முடியும். சாவியிட்டுத் திறக்கவும் முடியும். இரண்டிலும் வழி கிடைத்துவிடுகிறது. ஆனால் சாவியைக் கையில் வைத்திருப்பவனே அக்கதவை மீண்டும் பூட்டவும் வல்லவன். இருநூறு ஆண்டுகளாக இத்துறையில் எழுந்த பெரிய உரிமைகோரல்களும், பெரிய திருத்தங்களும், இன்று மூலக்கூறுகளின் மீது வைக்கப்படும் நம்பிக்கையும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன.

ஊதாக் கதிரும் எஃகு ஊசியும்

இக்கதை ஒரு தவறான முடிவோடு தொடங்குகிறது. 1812இல் ரோம் நகரின் மருத்துவரும் வேதியியலாளருமான டொமெனிக்கோ மொரிக்கீனி, சூரிய ஒளியின் ஊதாக் கதிர்களைக் குவித்து எஃகு ஊசியைக் காந்தமாக்க முடியும் என்று அறிவித்தார். 1814இல் ஹம்ஃப்ரி டேவியும் அவருடைய இளம் உதவியாளர் மைக்கேல் ஃபாரடேயும் ஐரோப்பியப் பயணத்தின்போது ரோமுக்குச் சென்று அவரைச் சந்தித்தனர். அங்கு கண்டவை அவர்களுக்கு முழுமையான நிறைவைத் தரவில்லை.

பின்னர் மேரி சோமர்வில் இலண்டனில் அதே சோதனையைத் தம் முறையில் செய்து பார்த்தார். மெல்லிய ஊசியின் ஒரு பாதியைத் தாளால் மூடி, மறுபாதியில் முப்பட்டகத்தின் ஊதாக் கதிரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விழச் செய்தார். ஒளிபட்ட முனை வடமுனையாக மாறிற்று என்று 1826இல் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால் 1829இல் ஜெர்மானிய ஆய்வாளர்களான ரீஸ், மோசர் ஆகியோர் கூடுதல் கவனத்தோடு செய்த அளவீடுகளில் அவ்விளைவு காணப்படவில்லை. அம்முடிவு கைவிடப்பட்டது. இங்குக் கவனிக்கத்தக்கது, கேள்வி தவறானதன்று என்பதே. ஒளி காந்தத்தை ஆக்குமா என்ற வினா சரியானது. அதற்கு விடை கூறும் ஒளியும் கருவியும் அக்காலத்தவர் கையில் இல்லை.

ஃபாரடே அவ்வினாவை மறக்கவில்லை. 1845 செப்டம்பர் 13ஆம் நாள், ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டொன்றை மின்காந்தத்தின் அருகே வைத்து, அதனூடே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தினார். காந்தம் இயங்கியபோது ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்பியது. ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவு உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அதுவே. 1896இல் நெதர்லாந்தின் பீட்டர் ஸீமன், காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட சுடரின் நிறமாலைக் கோடுகள் அகன்று பிரிவதைக் கண்டு அவ்வுறவை அணுவின் உள்ளே வரை கொண்டு சென்றார். எனினும் இவ்விரு கண்டுபிடிப்புகளிலும் காந்தம் ஒளியை மாற்றியதேயன்றி, ஒளி காந்தத்தை மாற்றவில்லை.

தற்சுழற்சியும் ஒளியின் திருகும்

காந்தத்தின் மூலம் எது என்பது விளங்காமல் அதற்கு ஆணையிட முடியாது. 1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்தர் கெர்லாக் ஆகியோர் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தியபோது அது இரண்டாகப் பிரிந்தது. 1925இல் லைடனில் ஊலன்பெக், கவுட்ஸ்மித் என்னும் இரு இளைஞர்கள், எலெக்ட்ரானுக்கு அதன் இயல்பாகவே ஒரு தற்சுழற்சி உண்டு என்னும் கருத்தை வெளியிட்டனர். பம்பரம் சுழல்வது போன்ற சுழற்சியாக அதனைக் கொள்ளலாகாது. எனினும் சுழலும் பொருளுக்குரிய கோண உந்தமும், ஒரு சிறு காந்தத்துக்குரிய திறனும் அதற்கு உண்டு. ஏதேனும் ஒரு திசையை வைத்து அளந்தால் அது ‘மேல்’ அல்லது ‘கீழ்’ என்னும் இரண்டு விடைகளில் ஒன்றையே தரும். காந்தத்தின் நினைவு இந்த இருமையிலேயே அடங்கியிருக்கிறது.

ஒளிக்கும் அத்தகைய ஒரு திருகு உண்டு. 1931இல் சர் சி.வி. இராமனும் எஸ். பகவந்தமும், ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கான சோதனைச் சான்றை ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஸிக்ஸ்’ இதழில் வெளியிட்டனர். வலமாகவோ இடமாகவோ சுழலும் மின்புலத்தைக் கொண்ட வட்டத் தளவிளைவு ஒளி, மெல்லிய இழையில் தொங்கும் குவார்ட்ஸ் தகட்டை மெய்யாகவே திருப்புகிறது என்பதை 1936இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் பெத் அளந்து காட்டினார்.

அப்படியாயின் ஒளியின் திருகு எலெக்ட்ரானின் தற்சுழற்சியை நேராகத் திருப்பிவிட முடியாதா? தடை இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி பொருளைத் தொடுவது பெரும்பாலும் தன் மின்புலத்தின் வாயிலாக. மின்புலம் அசைப்பது எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை. தற்சுழற்சிக்கு அது நேரடியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆயினும் அணுக்கருவைச் சுற்றிய எலெக்ட்ரானின் இயக்கமும் அதன் தற்சுழற்சியும் ஒன்றையொன்று உணர்கின்றன. ‘தற்சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு’ எனப்படும் இவ்வுறவே ஒளியின் சொல்லைத் தற்சுழற்சிக்கு எடுத்துச் செல்லும் தூதன். கனமான அணுக்களில் இத்தூதன் வலிமை பெற்றவன். 

ஃபாரடே விளைவின் மறுதலை, அதாவது சுழலும் ஒளி காந்தத்தை உண்டாக்குதல், 1965இல்தான் ஹார்வர்டில் வான் டெர் ஸீல், பெர்ஷன், மால்ம்ஸ்ட்ராம் ஆகியோரால் அளக்கப்பட்டது. அதற்கு லேசரின் வலிய துடிப்பு தேவைப்பட்டது. கிடைத்த காந்தத்தன்மையோ மிகச் சிறியது. ஒளி நின்றவுடன் அதுவும் நின்றது. எனினும் மொரிக்கீனி எழுப்பிய வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த நேர்மையான ‘ஆம்’ என்று அதனைக் கூறலாம்.

காலத்தை நறுக்கிய கருவி

முதல் லேசரை 1960 மே மாதம் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு இயக்கினார். அதே ஆண்டின் டிசம்பரில், டெஹ்ரானில் பிறந்த அலி ஜவான் தம் துணைவர்களுடன் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹீலியம்-நியான் வாயு லேசரை உருவாக்கினார். இடைவிடாது ஒளிரும் லேசர்களுள் அதுவே முதலாவது. அதன் பின்னர் இத்துறை இரு திசைகளில் வளர்ந்தது. ஒன்று, இடையறாத தூய ஒளியை நோக்கியது. மற்றது, ஒளியை மென்மேலும் குறுகிய துடிப்புகளாக நறுக்குவதை நோக்கியது. 1980களில் அத்துடிப்புகள் ஃபெம்டோ நொடியின் எல்லைக்குள் நுழைந்தன. ஒரு நொடிக்கு ஒரு ஃபெம்டோ நொடி எவ்வளவோ, அவ்வளவே மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்கு ஒரு நொடி. ஒரு நொடியில் புவியை ஏழரை முறை சுற்றிவரத்தக்க ஒளி, ஒரு ஃபெம்டோ நொடியில் தலைமயிரின் தடிமனைக்கூடக் கடப்பதில்லை.

அக்காலக் கூறில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் கண்டு காட்டியவர், எகிப்தின் தமன்ஹூரில் 1946இல் பிறந்து அலெக்ஸாண்ட்ரியாவில் கல்வி பயின்ற அஹ்மது ஸவைல். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் வகுத்த முறை எளிய கருத்தின் மீது அமைந்தது. முதல் துடிப்பு மூலக்கூறைத் தூண்டி விடுகிறது. சிறிது தாமதித்து வரும் இரண்டாம் துடிப்பு அதன் நிலையைப் பதிவு செய்கிறது. தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால் நிகழ்ச்சியின் முழு வரலாறும் கிடைத்துவிடும். அயோடின் சயனைடு மூலக்கூறின் பிணைப்பு ஏறத்தாழ 200 ஃபெம்டோ நொடியில் அறுவதை 1987இல் அவருடைய குழுவினர் பதிவு செய்தனர். 1999ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இன்று காந்த மூலக்கூறுகளின் மீது நடத்தப்படும் ஃபெம்டோ நொடி ஆய்வுகள் அனைத்தும் அந்த இரு துடிப்பு முறையின் வழித்தோன்றல்களே. 1985இல் டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஜெரார் மூரு ஆகியோர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கும் முறையைக் கண்டறிந்து அதற்கு வலிமை சேர்த்தனர். அதற்கான நோபல் பரிசு 2018இல் அவர்களைச் சென்றடைந்தது.

உலோகத்தில் கிடைத்த வெற்றியும் திருத்தமும்

இக்கருவி காந்தத்தை வந்தடைந்த ஆண்டு 1996. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் எரிக் போர்பேர், ஜான்-இவ் பிகோ முதலியோர் மெல்லிய நிக்கல் படலத்தின் மீது 60 ஃபெம்டோ நொடி நீளமுள்ள துடிப்பைப் பாய்ச்சினர். ஒரு பிக்கோ நொடிக்குள், அதாவது ஆயிரம் ஃபெம்டோ நொடிக்குள், அதன் காந்தத்தன்மை பெருமளவு சரிந்தது. அதுவரை அத்தகைய சரிவுக்குப் பல பத்துப் பிக்கோ நொடிகளேனும் வேண்டும் என்றே கருதப்பட்டது. காந்தத்தின் கோண உந்தம் அவ்வளவு விரைவில் எங்கே சென்று மறைகிறது என்னும் வினா இயற்பியலாளரைப் பல்லாண்டுகள் அலைக்கழித்தது. அதில் பெரும்பகுதி படிகத்தின் அணு அடுக்குகளுக்கே போய்ச் சேர்கிறது என்பதை 2019இல் இரும்புப் படலத்தின் மீது நடந்த எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது.

காந்தத்தை அழிப்பது ஒன்று. திசை கூறித் திருப்புவது வேறொன்று. 2005இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் அலெக்ஸி கிமெல், தியோ ராசிங் முதலியோர் டிஸ்ப்ரோசியம் ஆர்த்தோஃபெரைட் என்னும் படிகத்தில் வலமாகச் சுழலும் துடிப்பையும் இடமாகச் சுழலும் துடிப்பையும் பாய்ச்சினர். தற்சுழற்சிகள் எதிரெதிரான போக்கில் அசையத் தொடங்கின. சூட்டுக்கு வலமும் இடமும் கிடையா. ஆகவே அங்குச் செயல்பட்டது ஒளியின் திருகே. 2007இல் அதே குழுவினர் கடோலினியம், இரும்பு, கோபால்ட் ஆகியவற்றின் கலப்புலோகப் படலத்தில் 40 ஃபெம்டோ நொடித் துடிப்பைக் கொண்டு காந்தத்தின் திசையையே புரட்டிக் காட்டினர். வலச்சுழற்சி ஒருபுறமும் இடச்சுழற்சி மறுபுறமும் காந்தத்தை எழுதின. ஒளியின் ஆணை நிறைவேறிவிட்டது என்று பலரும் எண்ணினர்.

ஆனால் 2012இல் யார்க் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆஸ்லரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தைத் திருத்தியது. திருகு ஏதுமற்ற ஒளித்துடிப்பும் அதே உலோகத்தைப் புரட்டிவிடுகிறது. அதற்கு விரைவான சூடு ஒன்றே போதும். கடோலினியத்தின் தற்சுழற்சியும் இரும்பின் தற்சுழற்சியும் வெவ்வேறு வேகத்தில் சரிவதால், ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு புரள்கிறது. ஒவ்வொரு துடிப்பும் முன்பிருந்த திசையை மாற்றுகிறதே தவிர, எந்தத் திசை என்பதைக் கூறுவதில்லை. முன்னர் வலமும் இடமும் வேறுபட்டதற்குக் காரணம், அவ்விரு ஒளிகளையும் அவ்வுலோகம் சற்று வேறுபட்ட அளவில் உட்கவர்வதே என்பதும் அதே ஆண்டில் தெளிவாயிற்று. ஆணை எனத் தோன்றியது சூட்டின் வேறொரு வடிவமாக இருந்தது.

சூடு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. 1992இல் சோனி நிறுவனம் வெளியிட்ட மினிடிஸ்க், லேசரால் ஒரு புள்ளியைச் சூடாக்கிக் காந்தத்தால் எழுதும் முறையிலேயே இயங்கியது. 2024இல் சீகேட் நிறுவனம் அறிவித்த 30 டெராபைட் வன்தட்டுகளும் லேசரின் சூட்டையே துணையாகக் கொள்கின்றன. ஆயினும் சூட்டால் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அச்சூட்டின் விலையைச் செலுத்தியாக வேண்டும். அது தணியும் வரை காத்திருக்கவும் வேண்டும். உலகின் தரவு மையங்கள் 2024இல் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்சாரத்தை, அதாவது உலக நுகர்வில் சுமார் 1.5 விழுக்காட்டை, பயன்படுத்தின என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. அதில் காந்தத்தில் எழுதும் செலவு ஒரு பகுதியே. எனினும் சூடில்லாமல் எழுதுதல் என்பது ஏட்டளவிலான வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

2017இல் போலந்தின் பியாவிஸ்டாக் நகர ஆய்வாளர்கள் நைமேகன் குழுவினருடன் இணைந்து நிறைவு தரும் ஒரு விடையைப் பெற்றனர். கோபால்ட் சிறிது கலந்த கார்னெட் படிகத்தில், ஒரே ஒரு துடிப்பின் அதிர்வுத் தளத்தை மாற்றுவதன் மூலமே காந்தத்தை இங்கும் அங்குமாக எழுத முடிந்தது. அப்படிகம் உலோகமன்று, ஒளியூடுருவக் கூடியது. ஆதலால் சூடு மிகச் சிறிதே எழுந்தது. ஒளி குறிப்பிட்ட கோபால்ட் அயனிகளின் எலெக்ட்ரான் நிலையை மாற்ற, காந்தத்திற்கு உகந்த திசையே ஒரு கணம் மாறிவிட்டது. ஆணை நிறைவேற வேண்டுமாயின் கேட்கும் செவி எதுவெனத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மூலக்கூறு ஏன்?

உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கடல் போலப் பரந்துள்ளன. ஒளி அதில் விழுந்தவுடன் ஆற்றல் எங்கும் பரவிச் சூடாகிவிடுகிறது. மூலக்கூறின் நிலை வேறு. அதன் ஆற்றல் மட்டங்கள் படிகளைப் போலத் தனித்தனியே அமைந்துள்ளன. எந்த அணுவை எங்கே வைப்பது, எந்தப் பிணைப்பை எத்திசையில் இறுக்குவது என்பதை வேதியியலாளர் ஓரளவு தாமே தீர்மானிக்கலாம். கார்னெட்டில் தற்செயலாக வாய்த்த செவியை இங்கே திட்டமிட்டுப் படைக்கலாம்.

தனி மூலக்கூறே ஒரு காந்தமாக இயங்க வல்லது என்பது 1993இல் வெளிப்பட்டது. 12 மாங்கனீசு அணுக்களைக் கொண்ட அசிட்டேட் சேர்மமொன்றைப் போலந்தின் ததேயுஷ் லிஸ் 1980இலேயே உருவாக்கியிருந்தார். அதனை இத்தாலியின் ரொபெர்ட்டா செசோலி, தாந்தே காத்தெஸ்கி முதலியோர் ஆராய்ந்தனர. அதன் வெளிவட்டத்தில் உள்ள எட்டு அணுக்கள் தலைக்கு 2 வீதம் 16 அளவுத் தற்சுழற்சியைத் தர, உள்ளே உள்ள நான்கு அணுக்கள் தலைக்கு ஒன்றரை வீதம் 6 அளவை எதிர்த்திசையில் தருகின்றன. எஞ்சும் 10 அளவுத் தற்சுழற்சி ஒரே காந்தமாக நிற்கிறது. 2 கெல்வின் வெப்பநிலையில் அது தன் திசையை மாதக் கணக்கில் நினைவில் வைத்திருந்தது.

ஆனால் 4 கெல்வினைத் தாண்டினால் அந்நினைவு கலைந்துவிடும். 2017இல் மான்செஸ்டரில் ஒற்றை டிஸ்ப்ரோசியம் அணுவைக் கொண்ட மூலக்கூறு 60 கெல்வின் வரை நினைவைக் காத்தது. 2018இல் மற்றொரு டிஸ்ப்ரோசியம் மூலக்கூறு 80 கெல்வினை எட்டி, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினைக் கடந்தது. 2025இல் ஆஸ்திரேலிய, மான்செஸ்டர் ஆய்வாளர்கள் அவ்வெல்லையை 100 கெல்வினுக்கு உயர்த்தினர். அதுவும் உறைநிலைக்கு 173 பாகை கீழே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவ்விடத்தில் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. உலோகத்தில் சூடு வேலையை முடித்துக் கொடுத்தது. மூலக்கூறிலோ சூடுதான் முதற்பகை. சிறிதளவு வெப்பம் ஏறினாலும் அது எழுதியதையும் எழுதவிருந்ததையும் சேர்த்தே அழித்துவிடும். ஆகையால் மூலக்கூறின் முன் ஒளிக்குத் தப்பும் வழி இல்லை. அது ஆணையிட்டே தீரவேண்டும். காந்த மூலக்கூறுகள் மதிப்புப் பெறுவது அவற்றின் சிறுமையால் மட்டுமன்று. போலி வெற்றிக்கு அவை இடம் கொடாமையாலும்தான்.

மூலக்கூறு கேட்ட சொற்கள்

ஒளியின் சொல்லுக்கு மூலக்கூறு செவிசாய்க்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1984இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஃபிலிப் கூட்லிஷின் குழுவினர், கடுங்குளிரில் இருந்த இரும்புச் சேர்மமொன்றின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சினர். அதன் இரும்பு அயனியில் இணை சேர்ந்திருந்த ஆறு எலெக்ட்ரான்களில் நான்கு இணை பிரிந்து நின்றன. காந்தமற்ற மூலக்கூறு காந்தத்தன்மை பெற்றது. அக்குளிரில் அந்நிலை நெடுநேரம் நீடித்தது. 1986இல் ஆண்ட்ரேயாஸ் ஹவுசர் சிவப்பு எல்லையை ஒட்டிய ஒளியால் அதனைப் பழைய நிலைக்கே திருப்பினார். ஒரு நிறம் திறக்கிறது. மற்றொரு நிறம் மூடுகிறது. சூட்டால் இவ்வேறுபாட்டைச் செய்ய இயலாது.

1996இல், ஸ்ட்ராஸ்பூரில் நிக்கல் ஆய்வு வெளிவந்த அதே ஆண்டில், தோக்கியோவில் ஓசாமு சாட்டோ, கசுஹிட்டோ ஹஷிமோட்டோ முதலியோர் பிரஷ்ய நீலச் சாயத்தின் உறவினமான கோபால்ட்-இரும்புச் சயனைடில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர். அது காந்தமாக மாறும் வெப்பநிலை 16 கெல்வினிலிருந்து 19 கெல்வினுக்கு உயர்ந்தது. நீல ஒளி அவ்விளைவைக் குறைத்தது. இரும்பிலிருந்து கோபால்ட்டுக்கு ஒரு எலெக்ட்ரான் தாவுவதே அதன் காரணம்.

இவையெல்லாம் எவ்வளவு விரைவில் நிகழ்கின்றன? லொசானில் மஜித் ஷெர்கி தலைமையிலான குழுவினர் 2009இல் குறுகிய எக்ஸ்-கதிர்த் துடிப்புகளைக் கொண்டு இதற்கு விடை கண்டனர். நீரில் கரைந்த இரும்புச் சேர்மத்தில் தற்சுழற்சி 0இலிருந்து 2ஆக உயர ஏறத்தாழ 150 ஃபெம்டோ நொடிகளே ஆயின. இரும்புக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு 0.2 ஆங்ஸ்ட்ரம் அளவு நீண்டது. தற்சுழற்சி மாறுதலை அரிதான, மந்தமான நிகழ்ச்சியாகப் பாடநூல்கள் கருதி வந்த நிலை இதனால் மாறிற்று. மூலக்கூறின் அசைவும் தற்சுழற்சியும் கைகோத்தே நடக்கின்றன என்பதும் புலனாயிற்று.

எனினும் இங்கெல்லாம் மாறியது தற்சுழற்சியின் அளவு; அதன் திசை அன்று. நினைவகத்திற்கு வேண்டுவது திசை. அதற்கான முதற்படியை 2020இல் எடின்பரோவின் ஓலோஃப் ஜோஹன்சன், யூவான் பிரெக்கின் முதலியோர் எடுத்து வைத்தனர். மூன்று மாங்கனீசு அணுக்களைக் கொண்ட காந்த மூலக்கூறில் ஃபெம்டோ நொடித் துடிப்பு விழுந்தபோது, அம்மூலக்கூறு ஓர் ஒழுங்கான அதிர்வில் இறங்கியது. எந்த அச்சின் நீட்சி அதன் காந்தத் திசையை நிலைநிறுத்துகிறதோ, அதே அச்சின் வழியே அவ்வதிர்வு நிகழ்ந்தது. ஒற்றை மாங்கனீசு அணுவைக் கொண்ட எளிய சேர்மத்தோடு ஒப்பிட்டபோது, மூன்று அணுக்களையும் இணைக்கும் பிணைப்புகளே அவ்வதிர்வை அந்த அச்சில் கட்டுப்படுத்தி வைத்தன என்று அவர்கள் முடிவு செய்தனர். காந்தத்தை அவர்கள் புரட்டவில்லை. ஆனால் எந்த நரம்பைத் தொட்டால் காந்தம் அசையக்கூடும் என்பதையும், அந்நரம்பை வேதியியலால் வடிவமைக்க முடியும் என்பதையும் காட்டினர்.

அதே 2020இல் அமெரிக்காவில் டேவிட் ஆஷலம், டானா ஃப்ரீட்மன் ஆகியோரின் குழுவினர் மற்றொரு வாயிலைத் திறந்தனர். குரோமியம் அணுவொன்றை நடுவில் கொண்ட மூலக்கூறுகளின் தற்சுழற்சியைக் கடுங்குளிரில் லேசரால் ஒரு நிலைக்குக் கொணர்ந்து, நுண்ணலையால் மாற்றி, அது வெளியிடும் ஒளியைக் கொண்டு அதன் நிலையைப் படித்தனர். ஒளியால் எழுதத் தொடங்கி ஒளியாலேயே படித்தறியும் தற்சுழற்சி, குவாண்டம் கணிப்பையும் உணர்கருவிகளையும் நோக்கிய வழியில் மூலக்கூறுகளுக்கு ஓர் இடத்தைத் தந்தது.

எஞ்சி நிற்பது

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது, மூன்று திறன்கள் தனித்தனியே கைவந்திருப்பதைக் காண்கிறோம். ஒளித்துடிப்பு சூட்டின் துணையின்றிக் காந்தத்தின் திசையை எழுத வல்லது. இது படிகத்தில் நிறுவப்பட்டது. ஒளி மூலக்கூறின் தற்சுழற்சியை 150 ஃபெம்டோ நொடியில் மாற்ற வல்லது. இது இரும்புச் சேர்மத்தில் நிறுவப்பட்டது. தனி மூலக்கூறு காந்த நினைவைத் தாங்க வல்லது. இது மாங்கனீசிலும் டிஸ்ப்ரோசியத்திலும் நிறுவப்பட்டது. இம்மூன்றும் ஒரே மூலக்கூறில் கூடுவதே இத்துறை நாடி நிற்கும் இலக்கு. அவ்வாறு கூடினாலும், ஆற்றலைச் சூடாகச் சிந்திவிடாமல் தூண்டிய நிலையிலிருந்து மூலக்கூறை இறக்குவதும், கோடிக்கணக்கான மூலக்கூறுகளை ஒரு பரப்பில் ஒரே திசையில் நிறுத்துவதும், அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து தொடுவதும் எளிய காரியங்களல்ல. கண்ணுறு ஒளியின் அலைநீளம் அத்தகைய மூலக்கூறின் அளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது என்பதை நினைவிற் கொண்டால் இக்கடைசித் தடையின் அளவு விளங்கும்.

‘ஒளியால் காந்தம் எழுதப்பட்டது’ என்ற செய்தியை இனி ஏடுகளில் காணும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே. வலத்தையும் இடத்தையும் மாற்றினால் விளைவு மாறுகிறதா? நிறத்தை மாற்றினால் மாறுகிறதா? ஒளியின்றி அதே அளவு சூட்டை மட்டும் கொடுத்தால் என்ன நிகழ்கிறது? 1829இல் ரீஸும் மோசரும் சோமர்வில்லின் ஊசியிடம் கேட்டதும், 2012இல் ஆஸ்லர் கடோலினியப் படலத்திடம் கேட்டதும் இவ்வகை வினாக்களையே. இவ்விரு திருத்தங்களும் துறையை முடக்கவில்லை. மாறாக, அடுத்த படி எதுவெனக் காட்டின. 2012இன் திருத்தம் வராதிருந்தால் 2017இன் கார்னெட் ஆய்வின் மதிப்பை நாம் உணர்ந்திருக்க மாட்டோம்.

டோலமியின் நூல்களின் மீது தமக்கெழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றியவர் இப்னுல் ஹைஸம். முன்னோரைச் சிறுமைப்படுத்துவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்றதில் எது நிலைபெறும், எது நிலைபெறாது என்று பிரித்தறிவதே அவருடைய நோக்கம். ஒளி செல்வதற்குக் காலம் வேண்டும் என்று அவர் கருதியபோது, அக்காலத்தை அளக்க எவரிடமும் கருவி இல்லை. இன்று அக்காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் கருவி நம்மிடம் இருக்கிறது. கருவி எத்துணைக் கூர்மை பெற்றாலும், சூட்டை ஆணை என்று எண்ணி மயங்காதிருக்கும் கூர்மை அதனைக் கையாளும் அறிவிடமே இருக்க வேண்டும்.